எறங்குற எடத்தச் சொல்லு நைனா

ராக்கெட் கிளப் ஆரம்பிச்சிருக்கீங்களாமே நைனா. ரொம்ப சந்தோஷம். முத்தாபுதுப்பேட்டையில இல்லாத கொறை அது ஒண்ணுதான். ஒரு பக்கம் ஏர்போர்ஸ். கொஞ்சம் தள்ளிப் போனா ஆவடியில டாங்கி செய்யற பேக்டரி. அடுத்த டாங்கி எப்பிடி இருக்கணும்னு ரோசனை பண்றதுக்கு ஒரு ஆராய்ச்சி ஆபீசு. பட்டாபிராம் பக்கம் மிலிட்டரி சைடிங். நாட்டக் காப்பாத்தற சாமான் பூராவும் சைக்கிள் மிதிக்கிற தூரத்துல இருக்குது. இத்தினி துப்பாக்கிக்கு நடுவுல நின்னுக்கினு, மேல பார்த்து எதையாவது கொளுத்தி வுடணும்னு எட்டு பேருக்கு ஒரே நேரத்துல தோணியிருக்குது பாரு, அந்தப் புத்திக்கே ஒரு சால்வை போத்தணும்.

எடம் கூட பார்த்தாச்சாமே? ஏர்போர்ஸ் காம்பவுண்டு சொவத்த ஒட்டின பொட்டலு. அருமையான எடம். வுட்ட ராக்கெட்டத் தேடிக்கினு நீங்க அலையவே வேணாம், அவங்களே ஜீப்புல எடுத்துக்கினு வருவாங்க. வந்த ஜீப்பு காலியா திரும்பக் கூடாதேன்னு உங்களையும் ஏத்திக்குவாங்க. உள்ள டீ குடுப்பாங்க. பேரு இன்னா, அப்பா பேரு இன்னா, ஆதார் எங்க, யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு பாசமா விசாரிப்பாங்க. "மாடல் ராக்கெட்டுதான் சார்"னு நீ சொல்லுவே. பொகை வுட்டுக்கினு சொவத்துக்கு உள்ள வந்து வுழுந்த சாமான், மாடலா அசலான்னு பிரிச்சிப் பார்க்கிற பொறுமை காவலுக்கு நிக்கிறவருக்கு இருக்கணும்னு மாங்காட்டு அம்மனுக்கு இப்பவே வேண்டிக்கோ.

உங்க ஆளு ஒருத்தன், கண்ணாடி போட்ட பையன், என்கிட்ட சட்டம் பேசினான். 2021-ல வந்த ட்ரோன் விதியில வானத்தையே பச்சை, மஞ்சள், செவப்புன்னு பிரிச்சி வரைபடம் போட்டிருக்காங்களாம். செவப்பு எடத்துல பறக்க வுடணும்னா மத்திய அரசாங்கத்துகிட்ட பர்மிஷன் வாங்கணுமாம். "ஆனா ராக்கெட்டு ட்ரோன் இல்லையே தாத்தா"ன்னு கண்ணடிச்சான். பலே. ட்ரோனுக்கே செவப்பு அடிக்கிற எடத்துல நெருப்பு வுட்டா மாலை போட்டு கூப்புடுவாங்கன்னு யார்கிட்ட கத்துக்கினான் அவன்? அந்தப் பையன வக்கீலுக்குப் படிக்க வை. பொத்தான் கிட்ட வுடாதே.

நான் உங்களக் கேட்டது ரெண்டே கேள்வி. எவ்ளோ ஒசரம் போகும்னு கேட்டேன். எட்டு பேரும் ஒரே மூச்சில கத்துனீங்க. ஒருத்தன் ஐந்நூறு அடின்னான், ஒருத்தன் ஆயிரம்னான், கடைசியா வந்தவன் அதுக்கும் மேல ஏலம் கேட்டான். சரி, எங்க எறங்கும்னு கேட்டேன். அவன் அவன் செருப்பப் பார்த்தான். கண்ணாடிக்காரன் மட்டும் "பாராசூட் இருக்குது தாத்தா"ன்னான். பாராசூட் எப்பிடி எறங்கும்னு சொல்லும் கண்ணு, எங்க எறங்கும்னு சொல்லாது. அந்த விஷயத்துல அது காத்து பேச்ச மட்டும்தான் கேக்கும்.

மேல ஏத்தறதுதான் பெரிசுன்னா ஸ்ரீஹரிகோட்டா வரைக்கும் எதுக்குப் போனாங்க? மேகம் இல்லாத நாளா பார்த்து மொட்டை மாடியில நின்னா, அவங்க வுடறது வடக்கால நமக்கே தெரியுது. அந்தத் தீவப் புடிச்சதுக்குக் காரணம், அதுக்குக் கெழக்கால கடலு. பூமி கெழக்கால சுத்தற வேகம் ராக்கெட்டுக்கு ஓசியில ஒரு தள்ளு குடுக்கும்கிறது ஒரு லாபம். தப்பிப் போனா எவன் வீட்டு ஓட்டு மேலயும் வுழாதுங்கறது இன்னொரு லாபம். 1979 ஆகஸ்ட் 10-ந் தேதி எஸ்.எல்.வி-3-ய மொத மொதல்ல வுட்டாங்க. திட்டத்துக்குத் தலைமை நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம். அஞ்சு நிமிஷம் போச்சி, அப்புறம் வங்காள விரிகுடாவுல வுழுந்துச்சி. மெரண்டது மீனு மட்டும்தான். அடுத்த வருஷம், 1980 ஜூலை 18, அதே எஸ்.எல்.வி-3 ரோகிணி செயற்கைக்கோள மேல கொண்டு போயி சுத்த வெச்சிடுச்சி. மொத தடவ வுழுந்தது பெரம்பூர் மேல வுழுந்திருந்தா, ரெண்டாந் தடவ வுட வுட்டிருப்பாங்களா?

இன்னொரு கூத்தக் கேளு. துருவத்து வழியா சுத்தற செயற்கைக்கோள தெக்காலதான் அனுப்பணும். ஸ்ரீஹரிகோட்டாவுலேர்ந்து நேரா தெக்கால வுட்டா கீழ சிலோன் வந்துடுது. அதனால மொதல்ல கெழக்கால ஒதுங்கிப் போயி, பாதி வழியில திருப்பி, வளைச்சிக்கினு போறாங்க. வளையறதுக்கு எரிபொருள் போவுது, அந்த அளவுக்குத் தூக்கற சொமை கொறையுது. பெரிய ராக்கெட்டு அந்த நஷ்டத்தத் தாங்கிக்கும். சின்ன எஸ்.எஸ்.எல்.வி-க்கு கட்டுப்படியாவாது. அதுக்குத்தான் தூத்துக்குடி மாவட்டத்துல குலசேகரப்பட்டினம்னு ஒரு எடத்தப் புடிச்சி, 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் போட்டாங்க. அங்கேர்ந்து தெக்கால பார்த்தா தண்ணியத் தவிர ஒண்ணுமில்ல. அடுத்தவன் கூரை மேல வுழக் கூடாதேன்னு கவர்மெண்டே புதுசா ஒரு ஊரத் தேடிப் போவுது. நீங்க சொவத்து ஓரமா தேடிப் போறீங்க. கவர்மெண்ட விட தைரியசாலிங்க.

பசங்கள வெச்சிக்கினு வுட்டவங்களும் எடம் புடிச்ச சாமர்த்தியத்தப் பாரு. 2023 பிப்ரவரி 19-ந் தேதி, அப்துல் கலாம் பேர்ல ஒரு ராக்கெட்டு போச்சி. பள்ளிக்கூடத்துப் பசங்க செஞ்ச 150 பிக்கோ செயற்கைக்கோள் அதுல. மார்ட்டின் ஃபவுண்டேஷனும் ஸ்பேஸ் ஸோன் இந்தியாவும் சேர்ந்து செஞ்சது. எங்கேர்ந்து வுட்டாங்க? பட்டிப்புலம். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 24-ந் தேதி காலையில ரூமி-1 போச்சி. எங்கேர்ந்து? திருவிடந்தை. ரெண்டும் ஈ.சி.ஆர் ரோட்டுல, அலை சத்தம் காதுல வுழற எடம்.

அந்த ரூமியில ஹைப்ரிட் இன்ஜினாம். எரியற பண்டம் கெட்டியா ஒரு பக்கம், அத எரிய வைக்கிற சமாச்சாரம் திரவமா இன்னொரு பக்கம். ரெண்டையும் பிரிச்சி வெச்சிருக்கிற வரைக்கும் சாதுவா கெடக்கும். 3 கியூப் செயற்கைக்கோள், 50 பிக்கோ செயற்கைக்கோள ஏத்திக்கினு, நகர்த்திக்கினு போற தளத்துலேர்ந்து வுட்டாங்க. நல்லா கேட்டுக்கோ. நெனச்ச எடத்துக்குக் கொண்டு போற தளம் கையில இருக்குது. இருந்தும் தீவுத்திடல்ல நிறுத்தல, பூந்தமல்லி பைபாஸ்ல நிறுத்தல. கடலோரத்துக்குத்தான் கொண்டு போனாங்க. நமக்குக் கடல் இல்ல. ஏரி இருக்குது, அதுலயும் பாதி பிளாட்டு.

அதுக்காக நம்ம சீமைக்கும் ராக்கெட்டுக்கும் சம்பந்தமில்லன்னு நெனச்சிக்காதே. ஸ்ரீஹரிகோட்டா பேரையே யாரும் கேள்விப்படாத காலத்துல, 1780-ல, நம்ம பக்கத்துல ராக்கெட்டு பறந்திருக்குது. ஹைதர் அலி பெரும் படையோட ஆற்காட்டுச் சீமைக்குள்ள எறங்கிட்டான். வெள்ளைக்காரன் படை ஒண்ணு ஹெக்டர் மன்ரோங்கற தளபதி கீழ காஞ்சிபுரம் போவுது. அவனோட சேர்றதுக்கு குண்டூர்லேர்ந்து கர்னல் வில்லியம் பெய்லின்னு இன்னொருத்தன் ஆளுங்களக் கூட்டிக்கினு வர்றான். நம்ம கொசஸ்தலை ஆத்துக்கு வந்து சேர்ந்தப்ப ஆகஸ்டு கடைசி. ஆத்துல தண்ணியே இல்லாத மாதிரி கெடந்துச்சி. களைச்சிப் போயிருந்தான் போல, காலையில தாண்டிக்கலாம்னு இக்கரையிலயே கூடாரம் அடிச்சிப் படுத்துட்டான். ராத்திரி வெள்ளம் வந்துச்சி. ஒரு வாரத்துக்கு மேல ஆத்தப் பார்த்துக்கினே உக்காந்திருந்தான். கொசஸ்தலையப் பத்தி உள்ளூர் ஆளு ஒருத்தனக் கேட்டிருந்தா சொல்லியிருப்பான்: அது காஞ்சி கெடக்கும்போதுதான் நம்பக் கூடாது.

அப்புறம் ஒரு வழியா தாண்டி, பேரம்பாக்கம் வந்து, செப்டம்பர் 10-ந் தேதி புள்ளலூர்ல மாட்டுனான். ஹைதரும் அவன் புள்ள திப்புவும் சுத்தி வளைச்சிட்டாங்க. அங்கதான் ராக்கெட்டு. இரும்புக் கொழாயில மருந்த கெட்டிச்சி, நீள மூங்கில்ல கட்டி வுடறது. சில கொழாயில மூங்கிலுக்கு பதிலா கத்தி. நல்லா போனா ரெண்டு கிலோமீட்டர் போகுமாம். தரையில பட்டு எகிறி, குதிரைக் கூட்டத்துக்கு நடுவுல பூந்து கலைச்சிட்டுப் போகுமாம். பெய்லியோட வெடிமருந்து வண்டிங்க பத்திக்கினு வெடிச்சதோட ஆட்டம் முடிஞ்சிடுச்சி. பத்த வெச்சது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டான்னு சரித்திரக்காரங்க இன்னும் சண்டை போடறாங்க, போடட்டும். பெய்லிய ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குப் புடிச்சிக்கினு போனாங்க, 1782-ல அங்கயே செத்தான். அந்தச் சண்டைய தரியா தௌலத் மாளிகை சொவத்துல திப்பு பெரிசா படமா வரைய வெச்சான். தோத்தவன் பல்லக்குல உக்காந்திருக்கிறத இப்பவும் போயி பார்க்கலாம்.

1799-ல திப்பு வுழுந்தப்புறம் அந்த ராக்கெட்டுங்க சீமைக்குப் போச்சி. வில்லியம் காங்கிரீவ்னு ஒருத்தர் அதப் பார்த்து வேற மாதிரி செஞ்சி, அவர் பேரே அதுக்கு நெலைச்சிடுச்சி. ரொம்ப வருஷம் கழிச்சி அப்துல் கலாம் அமெரிக்காவுல வாலப்ஸ் தீவு ராக்கெட் தளத்துக்குப் போனப்ப, வரவேற்பு கூடத்துல ஒரு படம் மாட்டியிருந்துச்சாம். கிட்டப் போயி பார்த்தா, வெள்ளைக்காரன் மேல ராக்கெட்டு வுட்டுக்கினு இருக்கிறது நம்ம தேசத்து ஆளுங்க. இதெல்லாம் உங்க கிளப் போர்டுல எழுதி வெச்சிக்கோங்க, வேணாங்கல. ஆனா ஒண்ணு. திப்பு ஆளுங்களுக்கு எறங்குற எடத்தப் பத்தி கவலையே இல்ல. எதிர்ல பெய்லி நின்னுக்கினு இருந்தான். உங்களுக்கு எதிர்ல ஏர்போர்ஸ் குவார்ட்டர்ஸ் நிக்குது, மாடியில வடாம் காய வெச்சிருக்காங்க.

மருந்துக்கு வருவோம். "யூடியூப்ல பார்த்தேன் தாத்தா, வெடியுப்பும் சக்கரையும் வெச்சி வீட்டுலயே மோட்டார் பண்ணலாம்"னு ஒருத்தன் என் காதுல ஓதுனான். பண்ணு ராசா. உங்கம்மா குலாப்ஜாமூனுக்குப் பாகு காய்ச்சற சட்டியிலயே பண்ணு. பத்து வெரலு எதுக்கு, ரேஷன் கடையில ரேகை வெக்க ஒண்ணு இருந்தா போதுமே. 1884-ல வெள்ளைக்காரன் போட்ட வெடிபொருள் சட்டம் இன்னும் உசுரோட இருக்குது. லைசென்ஸ் இல்லாம மருந்து இடிச்சா வீடு தேடி வரும். சிவகாசி பக்கம் லைசென்ஸு வாங்கி, தனித் தனி ஷெட்டு கட்டி, தலைமுறையா அதே தொழில் பார்க்கிறவங்க வீட்டுலயே எழவு வுழுந்துக்கினு இருக்குது. அதப் பேப்பர்ல படிச்சிட்டு அடுக்களையில உக்காந்து சக்கரை கிண்டறவன நான் விஞ்ஞானின்னு சொல்ல மாட்டேன்.

இந்த வெளையாட்டு பொறந்ததே வெரலக் காப்பாத்தறதுக்குத்தான் நைனா. அமெரிக்காவுல நெப்ராஸ்கா பக்கம் நார்ஃபோக்னு ஒரு ஊரு. அங்க செருப்புக் கடை வெச்சிருந்த ஆர்வில் கார்லைலுக்கு வாணவேடிக்கையில ஆசை. 1954-ல, கூடப் பொறந்த ராபர்ட்டு ஊர்ல போயி பாடம் நடத்தறப்ப காட்டறதுக்குன்னு, காயிதக் கொழாயில லேசான மரத் துடுப்பு ஒட்டி, தீர்ந்த மோட்டார எடுத்துட்டு வேற போடற மாதிரி ஒண்ணு செஞ்சார். அந்தக் காலத்துல அந்த நாட்டுப் பசங்களுக்கெல்லாம் உங்கள மாதிரியே ராக்கெட் காய்ச்சல் வந்துடுச்சி. கெடச்ச பைப்புல கெடச்ச மருந்த அடைச்சி, கையி கண்ணுன்னு போக ஆரம்பிச்சிடுச்சி. ராக்கெட் தளத்துல வேலை பார்த்த ஹாரி ஸ்டைன்னு ஒருத்தர் இது ஆபத்துன்னு பத்திரிகையில எழுதுனார். அதப் படிச்ச கார்லைல் தன் சாமான அவருக்கு அனுப்பி வெச்சார். அப்புறம் வெர்ன் எஸ்டெஸ்னு ஒருத்தர் மோட்டார அச்சு மாறாம கெட்டிக்கிறதுக்கு ஒரு மெஷின் செஞ்சார், அதுக்கு மேபல்னு பொம்பளப் பேரு. மருந்த மெஷின் பார்த்துக்கும், பசங்க காயிதத்த மட்டும் ஒட்டுனா போதும்னு ஆச்சி.

இன்னைக்கும் அதான் சட்டம். ஒடம்பு காயிதம், துடுப்பு பால்சா மரம், மூக்கு பிளாஸ்டிக்கு. இரும்பு பைப்பு போட்டா கெத்தா இருக்கும்னு சொன்ன பையன கிளப்ல சேக்காதே, திப்பு படையில ஆள் எடுத்தா சொல்லி அனுப்பு.

மோட்டார் மேல சி6-5-ன்னு எழுதியிருக்குமாம். கண்ணாடிக்காரன் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். எழுத்து மொத்த வலுவாம். ஏ-வுக்கு ரெண்டு மடங்கு பி, பி-க்கு ரெண்டு மடங்கு சி. நடுவுல இருக்கிற 6, சராசரியா எத்தினி நியூட்டன் தள்ளும்கிறது. கடைசி 5, எரிஞ்சி முடிஞ்சப்புறம் எத்தினி நொடி சும்மா ஏறிட்டு பாராசூட்ட வெளிய தள்ளும்கிறது. எனக்குப் புடிச்ச நம்பர் அந்தக் கடைசி நம்பர்தான். அத தப்பா வாங்குனா பாராசூட்டு ஏறும்போதே விரிஞ்சி கிழியும், இல்லன்னா தரைக்கு வந்து மூக்க நட்டப்புறம் விரியும். மோட்டாரு வெடிபொருள் கணக்குல சேர்றதால பார்சல்ல வரவெச்சிக்கலாம்னு கனவு காணாதே. நேர் வழியும் இல்லாம இல்ல. இன்-ஸ்பேஸ்னு மத்திய அரசாங்கத்து அமைப்பு, இஸ்ரோ கூட சேர்ந்து காலேஜு பசங்களுக்கு மாடல் ராக்கெட் போட்டியே நடத்துது. 2025 அக்டோபர்ல உத்தரப் பிரதேசத்து குஷிநகர்ல பசங்க வுட்டாங்க. அதுக்குத் தகுந்த காலேஜு, பொறுப்புக்கு ஒரு வாத்தியாரு, பர்மிஷன் காயிதம் எல்லாம் வேணும். காயிதத்துல ராக்கெட்டு செய்யறவனுக்கு காயிதம் வாங்கறது கஷ்டமா?

இப்ப காத்துக்கு வா. ஒரு சி மோட்டார் உங்க சாமான 200 மீட்டருக்கு ஏத்துதுன்னு வெச்சிக்கோ. பாராசூட்டு நொடிக்கு 4 மீட்டர் எறங்குது. தரைக்கு வர 50 நொடி. காத்து நொடிக்கு 5 மீட்டர் அடிச்சா, அந்த 50 நொடியில 250 மீட்டர் தள்ளிப் போயிடும். அஞ்சு மீட்டர் காத்துன்னா பெரிய புயல் இல்ல, கொடியில வேட்டி ஆடற காத்து. அமெரிக்காக்காரன் விதியில ஏ மோட்டாருக்கு 100 அடி மைதானம், பி-க்கு 200, சி-க்கு 400 அடின்னு கணக்கு போட்டு வெச்சிருக்கான். உங்க பொட்டலு எத்தினி அடின்னு அளந்தீங்களா? செல்போன்ல ஃபோட்டோ மட்டும் எடுத்திருக்கீங்க.

அந்தக் காத்தும் ஒரே பேச்சு பேசாது. சித்திரை, வைகாசியில காலையில மேல்காத்து அடிக்கும். மத்தியானத்துக்கு மேல கடல்காத்து உள்ள வந்து அப்பிடியே திருப்பிப் போட்டுடும். பத்து மணிக்கு கெழக்கால போன பாராசூட்டு மூணு மணிக்கு மேற்கால போவும். ஐப்பசியில வாடை வந்துட்டா கணக்கு வேற. இன்னும் ஒரு சூட்சுமம். மாடு மழைக்கு முதுகக் காட்டும், துடுப்பு வெச்ச ராக்கெட்டு காத்துக்கு மூஞ்சியக் காட்டும். காத்து வர்ற பக்கமாவே சாஞ்சி ஏறும், பாராசூட்டு விரிஞ்சதும் காத்து போற பக்கம் திரும்பி வரும். வுடற கம்பிய எந்தப் பக்கம், எவ்ளோ சாய்க்கறதுன்னு தெரிஞ்சவன் சாமான் காலடியில வந்து வுழும். தெரியாதவன் சாமான் அரக்கோணம் ரயில் லைன் கரண்டு கம்பியில தொங்கும். அதுல 25,000 வோல்ட்டு ஓடுது. மாஞ்சா போட்டு பட்டம் வுட்ட பரம்பரை நாங்க, கம்பியில மாட்டுனது கம்பிக்குன்னு அப்பவே எழுதிக் குடுத்துட்டோம். நீங்களும் எழுதிக் குடுத்துடுங்க.

எல்லாத்துக்கும் மேல ஒரு அவமானமான யோசனை இருக்குது, சொல்லவே கூச்சம். சின்ன மோட்டார் போடுங்க. பாராசூட்டு நடுவுல ஒரு ஓட்டை வெட்டுங்க, சீக்கிரம் எறங்கும். இல்ல, பாராசூட்டே வேணாம், லேசான சாமானுக்கு நீளமா ஒரு ரிப்பன் கட்டுனா போதும். ஒசரம் கொறையும், ஃபோட்டோவுக்கு அழகா இருக்காது. ஆனா சாமான் கைக்கு வரும், ரெண்டாந் தடவையும் வுடலாம். அந்த ஆயிரம் அடிக்காரன் முகம் சுருங்கிப் போவும், பரவால்ல. இன்னொண்ணு, வுடறதுக்கு முன்னாடி சாமான எங்க புடிச்சா சமமா நிக்குதோ அங்க கயித்தக் கட்டி தலைக்கு மேல சுத்திப் பாரு. மூக்கு முன்னால போனா நல்ல சாமான். வாலு முன்னால வந்தா மூக்குல கொஞ்சம் களிமண்ணு அப்பு. பைசா செலவில்லாத சோதனை, அதனாலதான் யாரும் செய்யறதில்ல.

பொத்தான அழுத்துனதும் போவலன்னா இன்னா பண்ணுவேன்னு ஒருத்தனக் கேட்டேன். "ஓடிப் போயி பார்ப்பேன்"னான். வீரன். பொத்தான் பொட்டியில இருக்கிற சாவிய உருவிட்டு ஒரு முழு நிமிஷம் கையக் கட்டிக்கினு நிக்கணும் கண்ணு, அதுக்கப்புறம்தான் கிட்டப் போறது. சென்னை ஐ.ஐ.டி-யில மொளைச்ச அக்னிகுல் கம்பெனிக்காரங்களப் பாரு. 3டி-யில அச்சடிக்கிற மெஷின்லயே ஒரே துண்டா இன்ஜின் செஞ்ச ஆளுங்க. ஸ்ரீஹரிகோட்டாவுல சொந்தமா தளம் போட்டு, நாலு தடவ வுட வந்து நாலு தடவையும் நிறுத்திட்டுத் திரும்பிப் போனாங்க. ஊரே பார்த்துக்கினு இருந்துச்சி, வெக்கப்படல. 2024 மே 30-ந் தேதி காலையில போச்சி, சுத்தமா போச்சி. நீங்க மொத ஞாயித்துக்கெழமை நிறுத்திட்டு வந்தா வாட்ஸ்அப்ல நாலு பேரு சிரிப்பான்னு பயப்படறீங்க.

மோட்டாரும் பர்மிஷனும் கைக்கு வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேணாம். ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் எடு, பிளாஸ்டிக்கு, கண்ணாடி வேணாம். மூணுல ஒரு பங்கு தண்ணி ஊத்து. வாயில டியூப் வால்வு வெச்ச கார்க்க அழுத்து, அது தானா கழண்டுக்காம ஒரு கொக்கி மாட்டி, அதுல கயித்தக் கட்டு. அட்டையில துடுப்பு, மூக்கு. சைக்கிள் பம்புல மீட்டர் பார்த்து அடி, அறுபது பவுண்டு தாண்டாதே. தூரமா நின்னு கயித்த இழுத்தா தண்ணியப் பீச்சிக்கினு தென்னை மரத்துக்கு மேல போவும். நியூட்டன் சொன்னதெல்லாம் அதுலயே இருக்குது, போலீசு சொன்னது ஒண்ணும் அதுல இல்ல. நனைஞ்சா காயும்.

எடத்துக்கு வேணா என் கழனிக்கு வாங்க. பாலவேடு தாண்டி, அறுப்பு முடிஞ்சி சும்மாதான் கெடக்குது. பக்கத்துல ரயிலும் இல்ல, காவலும் இல்ல. ஞாயித்துக்கெழமை விடிகாலை, காத்து எழும்பறதுக்கு முன்னாடி. மாடு ரெண்டையும் அன்னைக்கு வீட்டுல கட்டிடறேன். மெரண்டு பால் கொறைஞ்சா அந்தக் காசு கிளப் கணக்கு. மேற்காலக் கழனிக்காரன்கிட்ட நீயே போயி ஒரு வார்த்தை சொல்லிடு. வரப்புத் தகராறுல அவன் என் கூடப் பேசறதில்ல, உங்க பாட்டில் அந்தப் பக்கம் வுழுந்தா நான் போயி கேக்க மாட்டேன். அதனால காத்து அவன் பக்கம் அடிச்சா அன்னைக்கு லீவு. நம்ம பக்கம் அடிச்சா மொத கயித்த நான்தான் இழுப்பேன். இதுக்கு ஒத்துக்கினா சனிக்கெழமை சாயங்காலம் வந்து கழனி கேட் சாவிய வாங்கிக்கோ.